உடன்படித்த சகோதரிகள் வராத ஒன்றுகூடல்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பள்ளிக்கூடத்தின் முன்னாள் மாணவர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

தலைவர் அவர்கள் எங்களுக்கு அளித்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடம். கணக்கு ஸாரிடம் படித்தவர்கள் நாங்கள்; அவரும் இதோ எதிரிலேயே அமர்ந்திருக்கிறார். ஆகவே நேரத்தை மீறும் துணிவு எங்களுக்கு இல்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் பள்ளிக்கூடத்தின் பழைய ஓட்டுக் கட்டடத்தில், 1969ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாங்கள் ஒன்றுகூடினோம். அதற்கு இடம் தந்து, பகலுணவும் ஏற்பாடு செய்து தந்த ஜமாஅத்திற்கு நன்றி சொல்லவே இந்த மேடையில் ஏறினோம். எனினும் நன்றியோடு நில்லாமல், அன்று நடந்த ஒரு சம்பவத்தையும் அதன் தொடர்பாக ஒரு வேண்டுகோளையும் தங்கள் முன் வைக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முதலில் மகிழ்ச்சியான செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். நம் மக்கள் வழக்கில் பள்ளி என்ற ஒரே சொல் தொழுகைக்கும் படிப்புக்கும் பொதுவாக நிற்கிறது. எங்கள் இளமைப் பருவமும் அவ்வாறே இருந்தது. சுபுஹு தொழுகை முடிந்ததும் ஓதுகிற பள்ளி. அங்கிருந்து ஓட்டமாக வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டு எழுதுகிற பள்ளி. எங்கள் பாட்டன்மார் மரப்பலகையில் மையால் எழுதிக் கழுவி ஓதியவர்கள். எங்கள் காலத்தில் அச்சிட்ட ஜுஸ்உகள் வந்துவிட்டன. ஒரு பிள்ளை குர்ஆனைத் தமாம் செய்தால் அன்று ஹஜ்ரத்துக்குப் புதுக் கைலி. மற்றவர்களுக்கெல்லாம் சீனியும் பொரிகடலையும். அந்தச் சீனிக்காகவே, அடுத்தவன் விரைவில் முடிக்க வேண்டுமென்று துஆ கேட்டவர்கள் எங்களில் உண்டு.

எழுதுகிற பள்ளியில் சிலேட்டும் குச்சியும். எச்சிலால் அழித்தால் டீச்சர் காதைத் திருகுவார் என்பதற்காக, வேலியோரத்துக் கோவை இலையைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்திருப்போம். அந்த இலையின் பச்சைச் சாறு பையில் கறையாகி உம்மாவிடம் தனியாக அடி வாங்கித் தரும். நண்பகலில் உப்புமா. காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கப்பெற்ற மதிய உணவுத் திட்டத்தில், பின்னர் அமெரிக்காவின் கேர் நிறுவனம் வழியே வந்த கோதுமையும் எண்ணெயும் சேர்ந்திருந்த காலம் அது. அந்த எண்ணெயின் மணத்தை இப்போதும் எங்கள் மூக்கு மறக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளும், வீட்டுச் சோற்றைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு அந்த உப்புமாவுக்காக வரிசையில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை, சனிக்கிழமை வகுப்பு. சனிக்கிழமைகளில் அடுத்த தெருப் பிள்ளைகள் மைதானத்தில் விளையாடுவதைச் சன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விட்டோம். அதே சன்னலுக்கு வெளியே வெள்ளிக்கிழமை அவர்கள் புத்தகப் பையோடு போகும்போது நாங்கள் சும்மா இருந்ததில்லை. அதை இங்கே விரித்துரைக்க வேண்டாம்.

ரமலான் மாதத்தில் ஒரு காட்சி. எங்கள் ஆசிரியர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து சைக்கிளிலும் பேருந்திலும் வந்த இந்துப் பெருமக்கள். நோன்பு தொடங்கும் நாளன்று, வகுப்பு வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையைத் தமிழய்யா தம் கையாலேயே தூக்கிப் பின்கட்டில் கொண்டுபோய் வைப்பார். யாரும் அவரைக் கேட்டதில்லை. அந்த முப்பது நாளும் எந்த ஆசிரியரும் எங்கள் கண்முன் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நாங்கள் பார்த்ததில்லை. தமிழய்யா இன்று நம்மிடையே இல்லை. அவருடைய மகனார் ஒன்றுகூடலுக்கு வந்திருந்தார். இதை நாங்கள் சொன்னபோது, தம் வீட்டில் அவர் இது பற்றிப் பேசியதே இல்லை என்றார்.

பிரம்பைப் பற்றியும் ஒரு சொல். பழைய மாணவர்கள் கூடினால் 'அன்று அடித்தார்கள், அதனால் உயர்ந்தோம்' என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அடிக்கு அஞ்சி மூன்றாம் வகுப்போடு ஓடிப்போன தோழர்கள் இருவர் உண்டு. உயர்ந்தவர்கள் கணக்கில் அவர்களை யாரும் சேர்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது நல்லதே. கணக்கு ஸார் எங்களை மன்னிப்பாராக.

இனி அந்தச் சம்பவத்துக்கு வருகிறோம்.

பகலுணவுக்குப் பின் புகைப்படம் எடுப்பதற்காக வரிசையாக நின்றோம். ஆசிரியர்கள் நால்வரும் நாற்காலியில் அமர்ந்தார்கள். எங்களுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர், அன்று பணியில் சேர்ந்த புதிதில் இருந்தவர், இன்று பேரன் கையைப் பிடித்து நடப்பவர், திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெயர்களைச் சரியாகச் சொன்னார். பிறகு, "சன்னலோரப் பெஞ்சுப் பிள்ளைகள் யாரையும் காணோமே, உள்ளே இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

சன்னலோரப் பெஞ்சு பெண்பிள்ளைகளுடையது. உள்ளே யாரும் இல்லை. யாரையும் நாங்கள் அழைக்கவே இல்லை. அழைப்பிதழில் 'முன்னாள் மாணவர்கள்' என்று அச்சிட்டு, எங்கள் கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பினோம். அவர்களை விட்டுவிட வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. எங்கள் நினைவில் அவர்கள் வரவே இல்லை. உண்மையைச் சொன்னால், வேண்டுமென்றே விட்டிருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டோம்.

டீச்சர் விடவில்லை. "கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குமே ஒரு பிள்ளை, அது எங்கே?" என்றார். அந்தப் பிள்ளை எங்களுள் ஒருவருடைய லாத்தா. ஓராண்டு முன்பின்னாகப் பிறந்து, ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்ட உடன்பிறப்புகள். வீட்டுக் கணக்கை அந்த லாத்தா இரவில் போடுவார். தம்பி விடியலில் பார்த்து எழுதுவார். ஓதுகிற பள்ளித் திண்ணையில் அது எங்கள் எல்லோருடைய நோட்டுக்கும் பரவும். லாத்தா ஒரு கணக்கில் பிழை செய்த அன்று, ஆண்பிள்ளைகள் வரிசை முழுவதும் அதே பிழையைச் செய்து முழங்காலில் நின்றது. கணக்கில் நாங்கள் தேறியது எவருடைய உழைப்பில் என்பதை, இத்தனை ஆண்டு கழித்தாவது இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

1974ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்குப் பின் ஆறாம் வகுப்புத் தொடங்கியபோது சன்னலோரப் பெஞ்சு காலியாக இருந்தது. நம் பள்ளிக்கூடத்திலேயே எட்டாம் வகுப்பு வரை இருந்தது. ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஆனாலும் ஐந்தோடு நிறுத்துவது அன்று ஊர் வழக்கம். அக்காலத் தலைமையாசிரியர் குடையை மடக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்த லாத்தாவின் வீட்டுக்கு அவர் போனபோது வாப்பா மலேசியாவில் சபரில் இருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று உம்மா சொன்ன பதிலை, திண்ணையில் இருந்த தம்பி இன்றும் சொல்கிறார்: "எல்லா வூட்டுப் புள்ளயும் நின்னுட்டுது ஸார். எங்க வூட்டுப் புள்ளய மட்டும் எப்படி அனுப்புறது?" அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். ஒவ்வொரு வீடும் இன்னொரு வீட்டைக் காரணம் காட்டியது.

எங்கள் பெற்றோரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அப்போது சுற்றுச்சுவர் இல்லை. பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பிடம் இல்லை. மேல்வகுப்புகளில் ஒரு பெண் ஆசிரியர்கூட இல்லை. வளர்ந்த பிள்ளையை அனுப்பத் தயங்கிய தாயாரின் அச்சத்துக்கு இவையும் காரணம். அவற்றைச் செய்து தர ஊரில் பணம் இல்லாமல் இல்லை, கேட்பவர்தாம் இல்லை.

அன்று பிற்பகல் இன்றைய தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி, நின்ற காரணம் என்று கட்டங்கள். எங்கள் பெயர்களுக்கு நேரே எட்டாம் வகுப்பு முடித்து மேற்படிப்புக்குச் சென்றதாகக் குறிப்பு. சகோதரிகளின் பெயர்களுக்கு நேரே 'குடும்பச் சூழ்நிலை' என்ற ஒரே வாசகம், ஒரே கையெழுத்தில், பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை. வீடு வீடாகப் போய்க் கேட்ட அதே தலைமையாசிரியரின் கையெழுத்து அது.

நாங்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. எங்களில் சிலர் பிளஸ் டூ முடித்தோம், சிலர் பத்தாம் வகுப்போடு சபராளி ஆனோம். எப்படியும் எங்கள் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு சான்றிதழ் இருந்தது. சகோதரிகளுக்கோ, அவர்கள் படித்தார்கள் என்பதற்கும் பிறந்த தேதிக்கும் இந்தப் பதிவேடு ஒன்றே சாட்சி. அந்த லாத்தா ஹஜ்ஜுக்குப் பாஸ்போர்ட் எடுக்க விரும்பியபோது, தம்பியிடம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது, லாத்தாவிடம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு ஷீட் கேட்டார்கள். பக்கத்தின் ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவர் பெயர் இருந்த வரி தப்பியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரிகள் இன்று இல்லை. அந்த இரண்டு சகோதரிகள் யாரென்பதை எங்களால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காலம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 1982இல் சத்துணவு வந்தது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் பெண் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தபோது, எங்கள் தங்கைமார் சிலர் அதனாலேயே எட்டாம் வகுப்பைத் தாண்டினார்கள். பிறகு மிதிவண்டி வந்தது, 2022இல் கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. காலையில் நம் தெருமுனையில் கல்லூரிப் பேருந்துக்காகப் பெண்பிள்ளைகள் நிற்பதை எல்லோரும் காண்கிறோம். அவர்களில் ஒருத்தி அந்த லாத்தாவின் பேத்தி, கணிதம் படிக்கிறாள்.

அன்று அஸருக்குப் பின் டீச்சரை அழைத்துக்கொண்டு லாத்தாவின் வீட்டுக்குப் போனோம். வாசலில் டீச்சரைக் கண்டதும் அவர் திகைத்து நின்றார். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை?" என்று கேட்டார். ஐம்பது ஆண்டுக்கு முந்திய கேள்வியா, அன்றைய கேள்வியா என்று எங்களுக்கே விளங்கவில்லை. லாத்தா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சர் வர்றாங்கன்னு யாரும் சொல்லலையே. தம்பி காலையில வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டுப் போனப்பக்கூட, ஏதோ கல்யாணம்னுதான் நெனச்சேன்" என்றார். தம்பி தலைகுனிந்து நின்றார். நாங்களும் நின்றோம்.

டீச்சரும் லாத்தாவும் மஃரிபு வரை உள்ளறையில் அமர்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இடையிடையே சிரிப்பொலி கேட்டது. ஒருமுறை டீச்சர் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் கேட்டது.

ஜமாஅத்தார்களே! எங்கள் வேண்டுகோள்கள் இரண்டுதாம். அடுத்த ஒன்றுகூடலின் அழைப்பிதழ் சகோதரிகளின் பெயரிட்டு அவர்கள் வீடு தேடிச் செல்ல வேண்டும். அமர்வு தனியாகவா, ஒரே மண்டபத்தில் தடுப்பு வைத்தா என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள்; அவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாவதாக, பள்ளிக்கூடத்தின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் அனைத்தையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றி, மூலப் பதிவேடுகளை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். ஐந்தோடு நின்ற சகோதரிகளில் எவர் கேட்டாலும் ரெக்கார்டு ஷீட் அலையவிடாமல் கிடைக்க வேண்டும். பீரோவுக்கும் படம் எடுப்பதற்கும் ஆகும் செலவு எங்களுடையது. பள்ளிக்கூட நிர்வாகத்திடம் பேசி ஒப்புதல் பெற்றுவிட்டோம். ஜமாஅத் தீர்மானப் புத்தகத்தில் இதைப் பதிவு செய்ய வேண்டுகிறோம்.

பதிவேட்டிலிருந்து எங்கள் வகுப்புச் சகோதரிகளின் பெயர்ப் பட்டியலை எழுதி எடுத்திருக்கிறோம். பலர் மணமாகி வெளியூர் போயிருக்கிறார்கள், சிலர் மர்ஹூமா ஆகிவிட்டார்கள். முகவரி தெரிந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தாம். பட்டியலின் நகல்கள் வாசல் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. போகும்போது ஒன்றை எடுத்துச் சென்று வீட்டில் காட்டி, தெரிந்த விவரங்களை எழுதி, வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். கறையான் தின்ற அந்த இரண்டு வரிகளுக்குப் பட்டியலின் கடைசியில் இடம் விட்டிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.