ஆளுநரின் வெற்றியும் பூட்டிய பாடசாலைகளும்

ஆட்சியில் இருப்பவர் மீண்டும் வாக்குக் கேட்டு மக்கள் முன் வரும்பொழுது, ஒரே மனிதர் இரண்டு கோலங்களைத் தாங்குகின்றார். கட்டளையிடும் கையும் அவருடையது; கூப்பி வணங்கும் கையும் அவருடையது. செய்த பணிகளைக் காட்டி வாக்கைப் பெறுதல் நேரிய வழி. மக்கள் உள்ளத்தில் உறங்கிக் கிடக்கும் அச்சத்தைத் தட்டி எழுப்பி, அவ்வச்சத்துக்குத் தாமே காவலர் என நின்று வாக்கைப் பெறுதல் மற்றொரு வழி. முதலாவது வழியில் தொடங்கி இரண்டாவது வழியிற் சென்ற ஓர் ஆளுநரின் வரலாறு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஆர்க்கன்சோ இராச்சியத்தில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றில் வாக்குகளை வென்றவர் ஆளுநர். அதற்கு விலை கொடுத்தவர்கள் பாடசாலைப் பிள்ளைகள்.

இலங்கையின் மாகாண ஆளுநர் சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். அமெரிக்க இராச்சியம் ஒன்றின் ஆளுநரோ அவ்விராச்சிய மக்களால் நேரே தெரிவு செய்யப்படுபவர். நிருவாகத்தின் தலைவர் அவரே. இராச்சியத்தின் தேசியக் காவற்படையும் சாதாரண காலத்தில் அவர் ஆணைக்கு உட்பட்டது. ஆர்க்கன்சோவில் அக்காலத்தில் ஆளுநரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். ஓராண்டு ஆண்டால் மறு ஆண்டு தேர்தல். ஆதலால் ஆளுநராயிருப்பவர் எப்பொழுதும் அபேட்சகராகவும் இருந்தார். இருமுறை பதவி வகித்தவருக்கு மூன்றாம் முறை வாக்களிக்க மக்கள் எளிதில் இசைவதில்லை. 1952ஆம் ஆண்டில் சிட் மக்மாத் என்னும் ஆளுநர் மூன்றாம் முறை நாடித் தோற்றார். டிமொக்கிறட்டிக் கட்சியின் உட்தேர்தலில் வென்றவரே ஆளுநராவது அங்கு பல தசாப்தங்களாக நிலவிய வழக்கம். பொதுத் தேர்தல் பெரும்பாலும் சடங்காகவே நடந்தேறியது.

மக்மாத்தின் நிருவாகத்திற் பணிபுரிந்தவர் ஓர்வல் போபஸ். 1910இல் மலைப்பாங்கான ஒரு வறிய கிராமத்திற் பிறந்தவர். தந்தையார் சமதர்மக் கொள்கையினர். கிராமப் பாடசாலைகளில் ஆசிரியராகவும், பின்னர் இரண்டாம் உலக யுத்தத்திற் படையதிகாரியாகவும், அதன் பின்னர் சிற்றூர்ப் பத்திரிகை ஒன்றின் உரிமையாளராகவும் விளங்கியவர். 1954இல் அவர், பதவியிலிருந்த ஆளுநர் பிரான்சிஸ் செரியை எதிர்த்து நின்றார். இளமையில் இடதுசாரிக் கல்லூரி ஒன்றிற் சிலநாள் இருந்தார் என்பதைச் செரி பெருங்குற்றமாகக் காட்டினார். அப்பழி மக்களின் இரக்கத்தைப் போபஸ் பக்கம் திருப்பியது. ஆளுநர் தோற்றார், ஆசிரியர் வென்றார்.

தொடக்க காலத்துப் போபஸ் மிதவாதியெனவே மதிக்கப்பட்டார். 1957இல் விற்பனை வரியை 100க்கு 2இலிருந்து 3 ஆக உயர்த்தி, அவ்வருவாயிற் பாடசாலைகளையும் ஆசிரியர் சம்பளத்தையும் மேம்படுத்த முனைந்தார். இச்செயலோடு அவர் நின்றிருந்தால், கல்வியின் நண்பர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்திருக்கும்.

ஆனால் நாட்டின் காற்று வேறு திசையில் வீசியது. 1954ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி, கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் வெவ்வேறு பாடசாலைகளிற் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் நடந்த ஆளுநர் தேர்தலில், பிரிவினையைக் காப்பதே தம் கொள்கையென முழங்கிய ஜிம் ஜோன்சன் போபஸை எதிர்த்தார். போபஸ் வென்றார். எனினும் அம்முழக்கத்துக்கு எத்தனை செவிகள் திறந்திருந்தன என்பதையும் அவர் கண்டுகொண்டார். மூன்றாம் முறை வெல்ல விரும்புபவருக்கு அது மறக்கக்கூடிய பாடம் அன்று.

இராச்சியத் தலைநகரான லிற்றில் றொக்கில், மத்திய உயர்தரப் பாடசாலையில் 1957 செப்டெம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதெனக் கல்விச் சபை தீர்மானித்திருந்தது. செப்டெம்பர் 2ஆந் திகதி இரவு, கலவரம் மூளும் என்று காரணங்கூறி, போபஸ் தேசியக் காவற்படையைப் பாடசாலையைச் சுற்றி நிறுத்தினார். காவற்படை காத்தது மாணவரை அன்று. மாணவர் உள்ளே செல்லாதபடி வாயிலைக் காத்தது. 4ஆந் திகதி காலை, எலிசபெத் எக்பேட் என்னும் 15 வயதுச் சிறுமி, புத்தகத்தைக் கையிலேந்தித் தனியே வந்தாள். துப்பாக்கி தாங்கிய வீரர்கள் அவளைத் தடுத்தனர். பின்னே திரண்ட கூட்டம் அவளை இகழ்ந்து கூவியது. அந்தக் காட்சியின் நிழற்படம் உலகெங்குஞ் சென்றது.

நீதிமன்ற ஆணையின் பேரிற் படை விலகியது, கூட்டம் பெருகியது. செப்டெம்பர் 24ஆந் திகதி சனாதிபதி ஐசன்ஹோவர் ஆர்க்கன்சோவின் காவற்படையைச் சமஷ்டி அரசின் கீழ்க் கொணர்ந்து, தரைப்படையின் 101ஆவது வான்வழிப் பிரிவின் வீரர்களையும் அனுப்பினார். மறுநாள் அவ்வொன்பது மாணவரும் படைத்துணையோடு வகுப்புக்குச் சென்றனர். ஆண்டு முழுவதும் ஏச்சையும் இடியையும் பொறுத்தனர். அவர்களுள் ஏர்னஸ்ட் கிறீன் 1958 மே மாதத்திற் பட்டச் சான்றிதழ் பெற்று வெளியேறினார். மத்திய உயர்தரப் பாடசாலையில் அப்பேறு பெற்ற முதற் கறுப்பின மாணவர் அவரே.

சமஷ்டி அரசிடம் தோற்ற ஆளுநர், வாக்காளரிடம் பெருவெற்றி பெற்றார். 1958 யூலையில் நடந்த உட்தேர்தலில் இருவர் அவரை எதிர்த்தனர். போபஸுக்கு 100க்கு ஏறக்குறைய 69 வாக்குகள் கிடைத்தன. மூன்றாம் முறை என்னும் தடை தகர்ந்தது. இத்தேர்தலிற் சாலைகளைப் பற்றியோ வரியைப் பற்றியோ கேட்டவர் சிலரே. வெளியார் படை நம் மண்ணில் கால்வைத்தது என்ற சினமே வாக்குச்சீட்டாக உருமாறியது.

வாக்குறுதியை வெற்றிக்குப் பின் நிறைவேற்ற வேண்டுமன்றோ? ஓகஸ்ட் மாதத்திற் சட்டசபையைச் சிறப்பாகக் கூட்டி, பாடசாலைகளை மூடும் அதிகாரத்தை ஆளுநர் பெற்றார். செப்டெம்பர் 12ஆந் திகதி, பிரிவினை ஒழிப்பைப் பிற்போட இயலாது என அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றே போபஸ் அச்சட்டங்களிற் கையொப்பமிட்டு, லிற்றில் றொக்கின் நான்கு உயர்தரப் பாடசாலைகளையும் மூடுமாறு ஆணையிட்டார். அம்மாதம் 27ஆந் திகதி நகர மக்களிடம் வாக்கெடுக்கப்பட்டது. இன ஒருமைப்பாட்டுக்கு எதிராக 19,470 பேரும் ஆதரவாக 7,561 பேரும் வாக்களித்தனர். பூட்டு தொங்கியபடியே இருந்தது.

ஏறக்குறைய 3,700 மாணவர் வீதிக்கு வந்தனர். வசதியுள்ள வெள்ளையினக் குடும்பங்கள் பிள்ளைகளை உறவினர் ஊர்களுக்கும் தனியார் பாடசாலைக்கும் அனுப்பின. கறுப்பின மாணவருள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எப்பள்ளியும் வாய்க்கவில்லை. ஒப்பந்தத்தாற் கட்டுண்ட ஆசிரியர்கள் நாள்தோறும் வந்து வெறும் வாங்குகளின் முன் அமர்ந்திருந்தனர். வகுப்பறைகள் மூடியிருந்தும் பாடசாலையின் உதைபந்தாட்டப் போட்டிகள் நிறுத்தப்படவில்லை என்பது அவ்வாண்டின் விந்தைகளுள் ஒன்று. அந்நகரத்தார் அதனை ‘இழந்த ஆண்டு’ என்றே இன்றும் வழங்குகின்றனர்.

பெரும்பான்மையோர் விரும்பியதைத்தானே ஆளுநர் செய்தார், இது சனநாயகம் அன்றோ என நேயர்கள் வினவலாம். போபஸும் தம் வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ இவ்வாறே தம் செயலுக்கு நியாயம் கூறினார். இவ்வினாவைத் தள்ளிவிடுதல் தகாது. மக்கள் தந்த வாக்கு பொய்யன்று. ஆயினும் இரண்டு செய்திகள் எண்ணத்தக்கன. முதலாவது, வாக்களிக்குமுன் வாக்குவரி செலுத்தவேண்டும் என்னும் விதி அக்காலத்தில் ஆர்க்கன்சோவில் இருந்தது. வறியவர் பலரின் குரலை அது வாயிலிலேயே தடுத்தது. இரண்டாவது, பாடசாலைக்குச் செல்லும் அப்பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. எவரிடம் வாக்கு இல்லையோ, அவருடைய உரிமையை வாக்கெண்ணிக்கையால் நீக்க முற்படுவது, வழக்காளியை அழைக்காமல் வழக்கைத் தீர்ப்பதை ஒக்கும். அரசியலமைப்பும் நீதிமன்றமும் இருப்பது அத்தகையோர் பொருட்டே.

பூட்டைத் திறந்ததிலும் வாக்குக்குப் பங்குண்டு என்பதை மறத்தலாகாது. பாடசாலைகள் மூடப்பட்ட சில நாட்களிலேயே, அடோல்பின் ரெறி என்னும் முதிய பெண்மணியை முன்னிட்டு, நகரப் பெண்கள் ஒன்றுகூடிப் பாடசாலைகளைத் திறக்குமாறு வேண்டும் குழு ஒன்றை அமைத்தனர். வீடுவீடாகச் சென்று வாக்காளரைத் திரட்டினர். 1959 மே 5ஆந் திகதி, கல்விச் சபையின் பிரிவினைவாத உறுப்பினர் மூவர், ஆசிரியர்களும் அதிபர்களுமாக 44 பேரின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க மறுத்தனர். தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் விரட்டப்படுவதைக் கண்டபொழுது, அதுவரை வாய்மூடியிருந்த வணிகரும் பெற்றோரும் எழுந்தனர். மே 25ஆந் திகதி நடந்த மீளழைப்புத் தேர்தலில் அம்மூவரும் பதவியிழந்தனர். யூன் மாதத்திற் பாடசாலைகளை மூடிய சட்டம் செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. ஓகஸ்ட் 12ஆந் திகதி கதவுகள் மீண்டும் திறந்தன.

போபஸ் மொத்தம் ஆறுமுறை வென்று, 1967 சனவரி வரை ஆளுநராயிருந்தார். பின்னர் 1970இலும் 1974இலும் பதவியை நாடித் தோற்றார். 1986இல், மறுதேர்தலுக்கு நின்ற ஆளுநர் பில் கிளின்ரனை எதிர்த்து உட்தேர்தலில் நின்று மீண்டுந் தோற்றார். 1994இற் காலமானார். அவ்விராச்சியமும் பாடம் கற்றது. 1986ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் ஆளுநரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகளாயிற்று. 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி, நாற்பது ஆண்டுகளின் பின்னர், அவ்வொன்பதின்மரும் மத்திய உயர்தரப் பாடசாலைக்கு மீண்டும் வந்தனர். அன்று கதவைத் திறந்து பிடித்து அவர்களை உள்ளே வரவேற்றவர், சனாதிபதியாகியிருந்த கிளின்ரன்.

தேர்தலில் வென்றவர் யார் என்பதை வாக்குப்பெட்டி ஒரே இரவிற் கூறிவிடும். வென்றவர் எதைக் கொண்டு வென்றார் என்பதைக் காலமே மெல்லக் கூறும். பதவியிலிருப்பவர் மறுமுறை வாக்குக் கேட்டு வரும்பொழுது, அவர் எத்தனை பேரை மகிழ்வித்தார் என்பதோடு, வாக்கில்லாத சிறுவரை எவ்வாறு நடத்தினார் என்பதையும் வாக்காளர் கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வி கேட்கப்படும் நாட்டிற் பாடசாலைக் கதவுக்குப் பூட்டுப் போட ஆள்வோர் துணிவது அரிது.