துலக்காத காசு



பழங்காசுகளைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டனார் விட்டுச்சென்ற ஒரு சுருக்குப்பையோ தகரப்பெட்டியோ இருக்கும். அதனுள் சில செப்புக்காசுகளும், விக்டோரியா ராணி தலை பொறித்த வெள்ளி ரூபாய்களும், எந்நாட்டினவென்று விளங்காத இரண்டொரு நாணயங்களும் கிடக்கும். திறந்தவுடன் நாம் கேட்பது, "இது என்ன விலை போகும்?" என்பதே. கேள்வியில் தவறில்லை. ஆனால் அக்கேள்வியோடு நாம் முதலில் செல்வது வெள்ளிக் கடைக்கு. அங்கே காசு எடையாக மாறி, உருக்கப்பட்டுவிடுகிறது.

என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். பதினைந்து வயதில், எங்கள் வீட்டிலிருந்த செப்புக்காசுகளைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினேன். குத்துவிளக்குப்போல் மின்னின; அன்னையாரும் மகிழ்ந்தார். அவற்றுட் சில சோழர் காசுகள் என்பதைப் பின்னாளிலேதான் அறிந்தேன். ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அதன் கையருகே நாகரி எழுத்தில் இராசராசன் பெயர். அவ்வெழுத்தே காசை இன்னாருடையது என்று காட்டுவது. நான் துலக்கியவற்றில் எழுத்திருந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. செம்பின்மேல் படியும் பச்சையும் கருமையும் அழுக்கென்று எண்ணினேன். அது காசின் தோல். அதனை உரித்துவிட்டால் எந்தப் புலவராலும் திரும்ப ஒட்ட இயலாது.

பழமை மிகுந்தால் விலையும் மிகும் என்பது மற்றொரு மயக்கம். இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையவை. எனினும் ஏராளமாகக் கிடைப்பதால் எளிய விலைக்கே வாங்கலாம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயோ, நம் தந்தையர் காலத்தது. மிக அரிதாகையால் அவற்றினும் பன்மடங்கு விலை பெறும். அதனாலேயே வேறு ஆண்டின் எண்ணைத் திருத்தி 1939 ஆக்கிய போலிகளும் உலவுகின்றன. எண்ணின் கடைசி இலக்கத்தை உருப்பெருக்கியால் நோக்காமல் பணம் கொடுக்கலாகாது.

பொறித்த ஆண்டு எப்போதும் பிறந்த ஆண்டும் அன்று. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் வெள்ளித் தாலரைக் காணுங்கள். ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள பெரிய காசு. அவர் 1780இல் மறைந்தார். ஆயினும் அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர் இக்காசையே விரும்பிக் கேட்டமையால், அதே 1780 என்ற ஆண்டோடு பின்னரும் அச்சிட்டுக்கொண்டே இருந்தனர். வியன்னாவில் மட்டுமன்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் பம்பாயிலும்! பேரரசியின் உடையணியிலுள்ள முத்துகளையும் கழுகின் வாலிறகுகளையும் எண்ணியே எவ்வச்சகத்தினது என்று வல்லுநர் பிரிக்கின்றனர்.

இனி, ஏமாற்றம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும், மறுபுறம் இராமர் அல்லது அனுமன் உருவமும் கொண்ட 'ஓர் அணா'வை இலட்சங்களுக்கு விற்க முனைவோர் உளர். கம்பெனி அத்தகைய காசை அடித்ததே இல்லை. ஓரணா நாணயமே 1907ஆம் ஆண்டில்தான் தோன்றியது. செய்தி இவ்வளவுதான், இதனை அறியாமல் சேமிப்பை இழந்தோரை நான் கண்டிருக்கிறேன்.

உழவுத்தொழில் புரிவோர்க்கு ஒரு சொல். ஏர்முனையில் புதையலாகக் காசுகள் கிடைத்தால், அவற்றின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படுமாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். இது 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடப்பிலுள்ளது. எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானையில் கிடைத்தன என்பதையும் குறித்து வையுங்கள். ஆய்வாளருக்குக் காசைவிட அக்குறிப்பே சில வேளைகளில் பெரிது.

வீட்டுக் காசுகளை இன்று உடன் கொண்டுவந்திருப்போர் உணவுக்குப் பின் இம்மேடையருகே வரலாம். உருப்பெருக்கியும் சிறு தராசும் என்னிடம் உள்ளன. விளிம்பைப் பிடித்து எடுத்துத் தாருங்கள். வரும் வழியில் முந்தானையால் துடைத்துவிட வேண்டாம்.