ஏழு தந்திகளும் ஒரு விடியற்காலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மைசூரில் ரயில்வேக் குமாஸ்தாவாகப் பணிபுரிகின்றவன் நான். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். சங்கீத சாஸ்திரத்தில் புலமை பெற்றவனல்லன், கேட்டு மகிழ்கின்றவன். ஆயினும், "கலைஞரின் அன்றாட வாழ்க்கை" என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று உங்கள் காரியதரிசி அவர்கள் அன்புடன் பணித்தார்கள். அன்பர் கட்டளையை மீறலாகாது என்பதனால், என் சிற்றறிவிற்கு எட்டியவற்றைச் சொல்ல முன்வந்திருக்கின்றேன். குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

ஹனூருக்கு இருப்புப் பாதை இல்லை. ஆகவே ரயில்வேக்காரனாகிய நானும் பேருந்தில்தான் வந்து சேர்ந்தேன். அதுவும் நன்மையாகவே முடிந்தது. மைசூரிலிருந்து இங்கு வரும் சாலை திருமகூடலு நரசீபுரத்தின் வழியாக வருகின்றது. காவிரியும் கபிலையும் கலக்கும் புண்ணியத் தலம் அது. காவிரி நமக்குப் புதியவள் அல்லள். இந்த ஹனூர் அந்நாளில் அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகாவே 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் சென்னை இராச்சியத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்ததுதானே! அந்தக் கூடல் தலத்திலே 1895-ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் பிடில் மேதை சௌடையா அவர்கள். கர்நாடகத்துப் பிள்ளையாகப் பிறந்து, தமிழகத்துச் சபைகளெல்லாம் தம் பிள்ளையென்று கொண்டாடும் பேறு பெற்றவர். அன்னாருடைய வாழ்க்கையை வைத்தே இன்று பேசலாமென்று எண்ணுகின்றேன்.

கச்சேரி மேடையிலே வித்துவானைப் பார்க்கின்றோம். பட்டுக்கரை வேட்டி, நெற்றியிலே சந்தனம், கழுத்திலே மாலை, சபையிலே கைதட்டல். அது மூன்று மணி நேரம். மற்ற இருபத்தொரு மணி நேரம் அவர் என்ன செய்கின்றார் என்பதை நாம் சிந்திப்பதில்லை. உண்மையில் அந்த மூன்று மணி நேரத்தை உண்டாக்குவது இந்த இருபத்தொரு மணி நேரம்தான்.

எங்கள் ரயில்வேயிலே 'கீமேன்' என்றொரு தொழிலாளி உண்டு. தோளிலே கருவிகளைச் சுமந்துகொண்டு, தமக்கென்று ஒதுக்கப்பட்ட பாதையை நாள்தோறும் நடந்தே பார்ப்பார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவார். வேகமாகச் செல்லும் வண்டியிலே உட்கார்ந்திருக்கும் பிரயாணிக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் அவர் நடை ஒரு நாள் தவறினால் வண்டிக்கு ஆபத்து. வித்துவானின் சாதகமும் இத்தகையதே. நேற்று இறுக்கியது இன்று தளர்ந்திருக்கலாம். இன்றும் நடந்து பார்க்க வேண்டும்.

சாதகம் என்பது யாது? விடியற்காலையில் சுருதி சேர்த்துக்கொண்டு, சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் தாட்டு வரிசையும் மூன்று காலங்களிலே வாசிப்பது, பிறகு ஏழு தாளங்களிலே அலங்காரம், அதன்பின் வர்ணம். குழந்தைகள் முதல் ஆண்டிலே கற்கும் பாடங்களே இவை. அறுபது வயதான வித்துவானும் அவற்றையேதான் எடுத்துக்கொள்கின்றார். புதிதாய் வந்த மாணவன், "இது எனக்குத் தெரியுமே!" என்கின்றான். வித்துவானோ, "இன்று என் கை இதைச் செய்கின்றதா?" என்று பார்க்கின்றார். இருவருக்கும் உள்ள வேற்றுமை அவ்வளவுதான்.

சௌடையா அவர்கள் 1910-ஆம் ஆண்டு வாக்கில் மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா அவர்களிடம் சீடராகச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா அவர்கள் பெரும் பாடகர். கன்னட தேவர்நாமங்களைக் கச்சேரி மேடையில் கௌரவத்தோடு ஏற்றி வைத்தவர். அக்காலத்துக் குருகுலம் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பன்று. குருவின் வீட்டிலேயே இருந்து, பணிவிடை செய்து, அவர் பாடும்போது கேட்டு, அவர் வைத்த சட்டத்திற்குள் சாதகம் செய்து, ஆண்டுக்கணக்கில் பழகுவது. மைசூர் வாசுதேவாசாரியார் அவர்களும் இவ்வாறே அரண்மனை உதவியுடன் நம் திருவையாற்றுக்குச் சென்று, பட்டணம் சுப்பிரமணிய ஐயர் அவர்களிடம் குருகுலவாசம் செய்தவர். மைசூருக்கும் தமிழகத்திற்கும் இடையிலே கலைஞர்கள் போட்ட பாதை நம் இருப்புப் பாதைக்கும் முந்தியது என்று சொல்லலாம்.

இனி வித்துவான் வீட்டு மற்றொரு வேலையைச் சொல்லுகின்றேன். அது பட்டறை வேலை. இசைக்கருவி என்பது கடையில் வாங்கி அப்படியே வாசிக்கும் பொருளன்று. வீணைக்கு மெழுகிலே மெட்டுகளைப் பதித்து மேளம் கட்ட வேண்டும். நாளடைவில் மெழுகு இளகினால் மறுபடியும் பதிக்க வேண்டும். மிருதங்கத்தின் இடந்தலைக்கு ரவையைப் பிசைந்து அப்பி, வாசித்து முடிந்தபின் சுரண்டி எடுக்க வேண்டும். நாகசுரக்காரர் சீவாளிகளைப் பக்குவம் பார்த்துச் சீவிச் சரிசெய்து வைத்துக்கொள்கின்றார். பிடில்காரருக்கோ பிரடை, தந்தி, வில்லின் குதிரைமயிர், அதற்குத் தடவும் ரோஸின் என்று ஓயாத கவலை. மழைக்காலம் ஒரு விதம், கோடைக்காலம் ஒரு விதம்.

இந்தப் பட்டறைப் புத்தியிலிருந்து பிறந்ததே சௌடையா அவர்களின் ஏழு தந்திப் பிடில். பிடில் மேல்நாட்டிலிருந்து வந்தது. பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு முதலியோர் அதனை நம் சங்கீதத்திற்கு இசைவித்தனர். ஆனால் அதன் நான்கு தந்திகளின் ஒலி சிறிது. ஒலிபெருக்கி பரவாத காலத்திலே, பெரிய கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவருக்குப் பாடகரின் கம்பீரக் குரல் எட்டும், பிடில் எட்டாது. இதற்கு என் செய்வது? பிறரைக் குறை கூறிக்கொண்டு அவர் இருந்துவிடவில்லை. நான்கு தந்திகளில் மூன்றுக்கு ஒவ்வொரு துணைத் தந்தி சேர்த்து ஏழாக்கினார். வில் ஒன்று இழுத்தால் இரண்டு தந்திகள் பேசும், நாதம் பெருகும். 1927-ஆம் ஆண்டு வாக்கில் இது உருவாயிற்று.

கேட்பதற்கு எளிதாக இருக்கின்றது. ஆனால் தாய்மார்களே, ஒரு விரலை இரு தந்திகளின்மீது ஒரே அளவாக அழுத்த வேண்டும். சிறிது பிசகினாலும் இரண்டும் இரண்டு சுருதி பேசும், காது கூசும். நான்கு தந்தியிலே பழகிய கையை ஏழு தந்திக்குப் பழக்குவதற்கு மறுபடியும் சரளி வரிசையிலிருந்து தொடங்கியாக வேண்டும். வல்லவர் என்று பெயரெடுத்த பிறகு மாணவனைப்போல் உட்காருவது எவ்வளவு கடினம்! புதுக் கருவியை ஒப்பாதவர்களும் இருந்தார்கள். அவர்களோடு அவர் வாதாடியது சாதகத்தினால்தான். அவருடைய பிடில் பின்வரிசை வரையில் கேட்டது. செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர் ஆகியோரோடு அவர் அமர்ந்த கச்சேரிகள் புகழ் பெற்றன. 1957-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. 1967-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பெங்களூரிலே பிடிலின் வடிவிலேயே எழுப்பப்பட்ட சௌடையா நினைவு மண்டபத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

வீட்டிலே செய்யும் முயற்சி சிறிது என்று எண்ணற்க. மைசூரிலே 1935-ஆம் ஆண்டு, மகாராஜா கல்லூரி மனோதத்துவப் பேராசிரியர் கோபாலசுவாமி அவர்கள் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அதன் ஆற்றல் முப்பது வாட். நம் வீட்டுப் பழைய நாற்பது வாட் மின்விளக்கைவிடக் குறைவு! அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆகாசவாணி'. அப்பெயரே பின்னர் இந்தியா முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று.

தமிழகத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மயிலாப்பூர் எஸ். ராஜம் அவர்கள் (1919 - 2010) பாடகர், ஓவியரும்கூட. சென்னை வானொலியில் பணியாற்றினார். கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழில் இயற்றிய கீர்த்தனைகளை உழைத்துக் கற்றுப் பாடிப் பரப்பினார். அதே கையால் சங்கீத மும்மூர்த்திகளை ஓவியமாகவும் தீட்டினார். அப்படங்கள் இன்று எத்தனையோ இல்லங்களிலும் சபைகளிலும் இருக்கின்றன. காலை சாதகம் முடிந்தபின் அந்தக் கை சோம்பியிருக்கவில்லை என்பதை நோக்குங்கள்.

இந்த ராஜம் அவர்கள் 1934-ஆம் ஆண்டு 'சீதா கல்யாணம்' படத்தில் இராமனாகவும், 1943-ஆம் ஆண்டு 'சிவகவி'யில் முருகனாகவும் நடித்தவர். அதே 1943-இல் நம் சௌடையா அவர்கள் 'வாணி' என்னும் கன்னடப் படத்தைத் தயாரித்தார். அதனால் பொருள் வரவில்லை, பொருள் போயிற்று. ஆயினும் அப்படத்திலே செம்பையும் மணி ஐயரும் சௌடையாவும் சேர்ந்து கச்சேரி செய்யும் காட்சி நமக்குக் கிடைத்திருக்கின்றது. நட்டமடைந்த படம் நாட்டுக்குச் செல்வமாயிற்று!

இங்கே தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகின்றது. "தொலைக்காட்சி வந்தது, சாதகம் போயிற்று" என்று பெரியோர்கள் சிலர் வருந்துகின்றார்கள். நான் முழுதும் ஒப்புவதற்கில்லை. இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு டில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு 1975-லும் பெங்களூருக்கு 1981-லும் வந்தது. என் வயதினருக்கு நினைவிருக்கும்: அந்தப் பழைய பெட்டிக்குத் திறக்கும் நேரமும் உண்டு, அடங்கும் நேரமும் உண்டு. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' முடிந்தால் எழுந்து போய்விடலாம். வித்துவான் ஒருவர் பகலெல்லாம் சாதகமும் பட்டறை வேலையும் முடித்து, அந்தியில் பெட்டியின்முன் அமர்ந்து பழைய கச்சேரியோ பழைய படமோ பார்த்தாரானால், அது அவருக்கு இளைப்பாறுதலும் ஆயிற்று, பாடமும் ஆயிற்று. மறைந்த மேதைகளின் விரல் போகும் வழியைக் காண வேறெங்கே போவது?

இன்று நம் கையிலிருக்கும் செல்பேசிக்கு அடங்கும் நேரம் இல்லை. குற்றம் காட்சியிலன்று, கதவு சாத்தப்படாமையிலே இருக்கின்றது. ஆகவே கதவை நாம்தான் சாத்த வேண்டும்.

அன்பர்களே, இனிச் சொல்வது நம் வீட்டு விஷயம். நம் குழந்தைகள் கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் கற்கின்றார்கள், அது தக்கதே. நாம் வாழும் மண்ணின் மொழியை நன்றாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் பல வீடுகளில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத பிள்ளைகள் வளருகின்றார்கள். அவர்கள் வாயிலே இன்னும் பிழையறத் தமிழ் வருகின்றதென்றால், அது பாட்டு வகுப்பிலே கற்ற நான்கு பாட்டுகளினால் வருகின்றது. பாட்டும் நின்றுபோனால் என்ன மிஞ்சும்?

குமாஸ்தாவாகையால் ஒரு கணக்குச் சொல்லுகின்றேன். வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஆண்டுக்கு 52 மணி நேரம். வீட்டிலே நாள்தோறும் நாற்பது நிமிஷம் சாதகம் செய்தால் ஆண்டுக்கு 243 மணி நேரம். பிள்ளைக்குப் பாட்டு வரவில்லையென்று வாத்தியாரைக் குறைகூறுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

"ஐயா, இரவுப் பணி முடித்து வந்து வீட்டுக்காரர் தூங்குகின்றார். இரண்டு அறை வீடு. பிள்ளை எங்கே உட்கார்ந்து பாடுவாள்?" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் ரயில்வேக் குடியிருப்புகளிலும் இதே சங்கடம் உண்டு. உழைத்துக் களைத்த தகப்பனாரின் தூக்கமும் பெரிது. குழந்தையின் சாதகமும் பெரிது. ஒன்றை ஒன்று விழுங்கலாகாது. ஆகவே இச்சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றேன். ஆண்டு விழாவுக்கும் கூட்டங்களுக்கும் மட்டும் திறக்கின்ற இடத்தை, நாள்தோறும் காலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரையில் குழந்தைகளுக்காகத் திறந்து வையுங்கள். ஒரு பாய், ஒரு சுருதிப்பெட்டி, முறைவைத்து வந்து அமரும் ஒரு பெரியவர் - இவ்வளவு போதும். செல்பேசிகள் வாயிற்படிக்கு வெளியே ஒரு கூடையில் இருக்கட்டும், பெரியவருடையதும் சேர்த்துத்தான்! விழாவுக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பகுதிகூட இதற்கு ஆகாது.

இவர்களில் எல்லோரும் சௌடையா ஆகப்போவதில்லை. ஆக வேண்டுமென்பதும் இல்லை. ஆனால் தினந்தோறும் ஒரு காரியத்தைச் சலியாமல் செய்கின்ற பழக்கமும், பழுதான பொருளைத் தானே சீர்செய்துகொள்கின்ற கையும், போதும் என்று பெட்டியை மூடுகின்ற மனவுறுதியும் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அவர்களைக் காக்கும். அத்துடன் நம் மொழியும் அவர்கள் நாவிலே நிற்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.



வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!