தலைக்கு எட்டு ரூபாய்

(கரடியூர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நமது சுகாதாரத்துக்கு சர்க்கார் தலைக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே நாம் மலையேறி வந்தோம். சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு என்ன செலவு என்று கேட்டால் உங்களில் பலர் பைசா சுத்தமாய்ச் சொல்லிவிடுவீர்கள். இந்தக் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டு சர்க்கார் சுகாதாரத்துக்கென்று 2019-20இல் ஒதுக்கியது 12,563 கோடி ரூபாய். 2025-26இல் 21,906 கோடி. (ஒதுக்கியதெல்லாம் செலவாயிற்றா என்பது வேறு கேள்வி.) கோடி என்றவுடன் வாயைப் பிளக்க வேண்டாம். 2011 ஜனத்தொகைக் கணக்கின் 7 கோடியே 21 லட்சம் பேருக்குப் பங்கிட்டால், அன்று தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,740 ரூபாய். பிறகு சுமார் 3,040. அதாவது நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவாயிருந்தது எட்டு ரூபாய்க்குச் சற்று மேலாயிற்று. ஜனங்கள் பெருகியிருப்பதால் உண்மையில் இதற்கும் குறைவேயாகும். இடையில் மருந்து விலையும் சம்பளமும் ஏறாமலா இருந்தன? 2017ஆம் வருஷத்து தேசிய சுகாதாரக் கொள்கையோ, மாநில சர்க்கார்கள் 2020க்குள் தங்கள் செலவில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் இதற்குக் கொடுக்கவேண்டும் என்றது. 2025-26இல் நமது பங்கு நூற்றுக்கு ஐந்தளவே.

சர்க்காரைத் தூற்றுவது நமது வேலையல்ல. 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் செய்தது சென்னை மாகாணம். பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியாத்தாள் கோபம் என்று வேப்பிலை கட்டி, கூழ் வார்த்து, கடைசியில் குழந்தையைப் புதைத்த தேசம் இது. 1975க்குப் பிறகு இந்தியாவில் அந்நோய் இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆத்தாள் கோபத்தை எந்தப் பூசாரி தணித்தான்? அம்மை குத்த வீடு வீடாய் வந்தவர்களுக்குக் கொடுத்த சம்பளமல்லவா தணித்தது?

மலைவாசிகளாகிய உங்களுக்கு இதில் இன்னொரு விஷயமுண்டு. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ரூபாயும் உங்கள் தலைக்கணக்கில்தான் எழுதப்படுகிறது. அதை அனுபவிக்க வேண்டுமானால் பிரசவ வலியோடு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்! இதற்காகவே, சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையமென்றால் மலையில் 3,000 பேருக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையம் அங்கே 30,000 பேருக்கென்றால் இங்கே 20,000 பேருக்கு என்று வைத்திருக்கிறார்கள். இது யாரும் போட்ட பிச்சையல்ல, விதி.

ஆகவே கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: செவிலியம்மாள் தினம் வருகிறாரா, பாம்புக்கடி மருந்து கையிருப்பில் உண்டா, இவ்வருஷம் வந்த பணம் எவ்வளவு என்று. பதில் வராவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் கொடுத்தாகவேண்டும். உண்டியலில் போடும் பத்து ரூபாய்க்கு ரசீதுகூடக் கிடையாது. மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாமல் இங்கேயே இருங்கள். நாம் எழுதித் தருகிறோம்.