துறுதுறுப்பு எல்லாம் நோயாகுமா?

(திண்டுக்கல் வட்டாரத்தில் நடைபெற்ற ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே நாம் வழக்கமாகக் கூடிப் பேசுகிறோம். இன்று நம் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

ஓரிடத்தில் உட்காராமல், சொன்னதைக் கேளாமல், பாடத்தில் மனம் நிலைக்காமல் இருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. இக்காலத்தில் இவர்களுக்கு ஒரு நோயின் பெயர் எளிதில் சூட்டப்படுகிறது. கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்பது அதன் பொருள், ‘ஏ.டி.எச்.டி.’ என்று சுருக்கிச் சொல்வர். இக்கோளாறு உண்மையில் உள்ளதே. உலகில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது இருக்கலாம் என்று வல்லுநர் மதிப்பிடுகின்றனர். ஆனால் இக்கோளாறு இல்லாமலே, அதன் சாயல் மட்டும் கொண்ட பிள்ளைகளும் இருக்கின்றனர் என்பதே நாம் மறக்கலாகாத விஷயம்.

உளுந்துப் பயிரின் இலை மஞ்சளாகிறது என்று வைத்துக்கொள்வோம். தழைச்சத்துக் குறைந்தாலும் மஞ்சள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் மஞ்சள். வேரில் நீர் தேங்கினாலும் மஞ்சள். வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் வந்தாலும் மஞ்சள். எல்லாவற்றுக்கும் யூரியாவையே போடும் விவசாயி உங்களில் எவரும் இலர். பயிருக்குக் காட்டும் இந்த நிதானத்தைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் நம் சமவெளிக் கிராமம் ஒன்றில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்துப் பிள்ளைகளைச் சீண்டிக்கொண்டே இருப்பான். தந்தையார் வெங்காயம் விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு வெளியூரில் ஓரிடத்தில் காட்டினார். கால் மணி நேரத்தில் நோயின் பெயரும் மாத்திரைச் சீட்டும் கைக்கு வந்தன. பல மாதங்கள் மாத்திரை உண்டான். உணவு செல்லவில்லை, உறக்கம் கெட்டது. பிறகு பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் காதைச் சோதித்தபோது இரு காதிலும் நாட்பட்ட சீழும், கேட்கும் திறனில் குறைவும் இருப்பது தெரிந்தது. “காது கேக்காத புள்ளைய, சொன்ன பேச்சு கேக்கலைன்னு அடிச்சிருக்கேனேய்யா” என்று தந்தையார் நம்மிடம் கண் கலங்கினார். நாமும் அப்பள்ளிக்கு இருமுறை சென்றவர்களே. சுற்றுச்சுவரை அளந்தோம், பிள்ளையைப் பார்க்கவில்லை.

கண் மங்கினாலும் பிள்ளை கரும்பலகையை விட்டுப் பார்வையைத் திருப்பும். இரத்தசோகை இருந்தாலும் கவனம் சிதறும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. சில நொடிகள் வெறித்து நின்றுவிடும் ஒருவகை வலிப்பும் கவனக்குறைவு போலவே தோன்றும். எழுத்தறிவதில் தனிப்பட்ட இடர்ப்பாடு உள்ள பிள்ளையும் பாடவேளையில் நெளியும். பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 மணி முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியுமுன் மல்லிகை பறிக்க எழுப்பப்படும் பிள்ளை வகுப்பில் எரிச்சலும் துடுக்குமாக இருந்தால், குறை பிள்ளையிடமா, நம்மிடமா?

வயதும் ஒரு காரணம். ஒரே வகுப்பில் ஏறத்தாழ ஓராண்டு இளைய பிள்ளையும் இருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வகுப்பில் மிக இளையவரான டிசம்பரில் பிறந்த சிறுவர்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட இந்நோய்ப் பெயர் 30 சதவீதம் அதிகமாகவும், சிறுமியருக்கு 70 சதவீதம் அதிகமாகவும் சூட்டப்பட்டிருந்தது. வயதுக்குரிய இளமையே அங்கு நோயாக எண்ணப்பட்டிருக்கிறது.

ஆகவே, மருத்துவ உலகம் சில விதிகளை வகுத்துள்ளது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டிடங்களிலேனும் காணப்பட வேண்டும். வேறு காரணம் எதுவும் அவற்றை விளக்குவதாக இருத்தலாகாது. பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரியாமல் சில நிமிடங்களில் செய்யத்தக்க முடிவன்று இது. இதற்கென வழங்கப்படும் மெத்தில்பெனிடேட் என்னும் மருந்து நம் நாட்டில் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. உரிய பிள்ளைக்கு அது நன்மை தரும். உரியதல்லாத பிள்ளைக்கோ பசியும் உறக்கமும் கெடும். உண்மைக் குறையும் மறைந்து கிடக்கும்.

மறுபக்கமும் உண்டு. துறுதுறுப்பின்றி, கனவில் மூழ்கினாற்போல் மூலையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியை ‘மந்தம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். கவனக் குறைவு மட்டுமே உள்ள கோளாறு அவளுக்கு இருக்கலாம். இல்லாததை உண்டென்பதும் பிழை. உள்ளதைக் காணாதிருப்பதும் பிழை.

நாம் செய்யத்தக்கன யாவை? 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் வருதல் வேண்டும். அவர்கள் சோதிக்கவேண்டிய குறைகளில் இக்கோளாறும் ஒன்று. குழு வரும் நாளில் எந்தப் பிள்ளையும் விடுபடாதிருக்க ஊராட்சி உறுப்பினர் துணை நிற்க வேண்டும். ஐயமுள்ள பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பக் குழுவினரிடம் கேளுங்கள். முதலில் காது, கண், இரத்தம், உறக்கம் ஆகிய நான்கையும் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணில் இலவசமாகப் பேசலாம். மருத்துவர் ஆராய்ந்து கொடுத்த மாத்திரையை, இவ்வுரையைக் கேட்டு எவரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஐயமிருந்தால் மீண்டும் அவரிடமோ, வேறொரு நிபுணரிடமோ கேளுங்கள்.

பெயர் சூட்டுவதற்கு முன் காரணம் தேடுவோம். அடிப்பதற்கு முன் காது கேட்கிறதா என்று பார்ப்போம். அடுத்த கிராம சபையில் சாலைக் கணக்கோடு பிள்ளைகளின் மருத்துவச் சோதனைக் கணக்கையும் கேட்பீர்களாக.