ஓநாய் இல்லாத ஓநாய்ப் பள்ளம்



கொழும்புப் புறக்கோட்டையின் கடைத் தெருக்களைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கமாகச் சற்றுத் தூரம் நடந்தால், ஒரு மேட்டின்மீது பழைய தேவாலயமொன்று நிற்பதைக் காணலாம். மூட்டை சுமப்போர் எழுப்பும் ஓசையும் வண்டிகளின் இரைச்சலும் அதன் வாயிலோடு நின்றுவிடுகின்றன. வூல்வெண்டால் தேவாலயம் என்பது அதன் பெயர். இன்று உங்களையும் அங்கே அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

முதலில் அதன் பெயரைப் பார்ப்போம். ஒல்லாந்த மொழியில் வூல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். இலங்கையிலோ ஓநாய் கிடையாது. கோட்டைக்கு வெளியே சதுப்பும் புதருமாகக் கிடந்த இந்நிலத்தில் இரவில் ஊளையிட்ட நரிகளையே வெள்ளையர் ஓநாய்களென்று கருதிவிட்டனர் என்பர். தவறாகப் பிறந்த பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

1656 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1749 இல் இக்கோயிலுக்கு அடித்தளமிட்டனர். 1757 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது வழிபாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. சிலுவை வடிவிலமைந்த கட்டடம். சுவர்களின் கனம் ஏறக்குறைய ஐந்து அடி. நடுவிலே உயர்ந்த குவிமாடத்தின் உச்சியில் ஒரு காலத்தில் பித்தளைச் சிங்கமொன்று நின்றது. தலையிலே முடி, ஒரு கையிலே வாள், மறு கையிலே ஏழு அம்புகள். அவ்வேழு அம்புகளும் ஒல்லாந்த தேசத்தின் ஏழு மாகாணங்களைக் குறித்தன. 1856 இல் இடி விழுந்து அச்சிங்கம் அழிந்தது. கூரையும் பெரிதும் சேதமுற்றது.

உள்ளே சென்றால் நம் காலடியிலே கல்லறைக் கற்கள். கோட்டைக்குள்ளிருந்த பழைய தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்ட ஒல்லாந்த தேசாதிபதிகளின் எச்சங்கள், ஆங்கிலேயர் ஆட்சியிலே 1813 இல் இங்கு கொண்டுவரப்பட்டன. நாட்டை ஆண்டோரின் பெயர்களையும் குலச் சின்னங்களையும் சுமந்த அக்கற்களுக்கிடையே நின்றபோது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நம்மை அடக்கி ஆண்டவர் கட்டிய கோயிலை நாம் எவ்வாறு நோக்குவது?

ஒல்லாந்தர் காலத்திலே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. அரசாங்க உத்தியோகம் பெறுவதற்கு அவர்களுடைய சபையிலே ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். திருமணமும் பிறப்பும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. ஆகவே, வீட்டிலே தம் முன்னோர் நெறியைப் பேணிக்கொண்டே, தோம்பிலே மட்டும் கிறித்தவராக வாழ்ந்தோர் பலர். 1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அத்தகையோர் தத்தம் பழைய நெறிக்குத் திரும்பினர். அச்சத்தினாலும் ஆதாயத்தினாலும் கட்டப்பட்டது அவ்வளவு விரைவிலே சரிந்துபோயிற்று.

ஆயினும் கதை இவ்வளவில் முடியவில்லை. இக்கோயில் எழுந்த அதே காலத்திலே, கொழும்பிற் பிறந்த தமிழரொருவர் ஒல்லாந்தரின் குருமடத்திலே கல்வி பயின்று, கிரேக்கம் முதலிய மொழிகளைக் கற்றுப் போதகரானார். பிலிப்பு தெ மெல்லோ என்பது அவர் பெயர். புதிய ஏற்பாட்டை அவர் தமிழிலே பெயர்த்தார். அது 1759 இல், கோயில் திறக்கப்பட்ட இரண்டாம் ஆண்டிலே, கொழும்பில் அச்சேறியது. 1859 இல் சைமன் காசிச்செட்டி வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. தோம்பில் எழுதிய பெயர்கள் உதிர்ந்தன. தமிழுக்காக உழைத்தவரின் பெயர் உதிரவில்லை.

இக்கோயிலோடு நெருங்கிய உறவு பூண்டிருந்தோர் ஒல்லாந்த வழிவந்த பறங்கியர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் அவர்களிற் பலர் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தாம் பிறந்த மண்ணிலே தமக்கு இடமில்லையென்று ஒரு சமூகம் எண்ணிப் புறப்படுவதன் வேதனையைத் தமிழராகிய நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற இருக்கைகளிலே இன்று வேறு மக்கள் அமர்கின்றனர். ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் அங்கே வழிபாடு நடைபெறுகின்றது.

வெளியே வந்து குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தேன். வாளேந்திய சிங்கம் அங்கில்லை. அது அதிகாரத்தின் அடையாளம். ஓர் இடியோடு போயிற்று. அதன் கீழே, கட்டியவர் எண்ணியும் பாராத வகையிலே, இந்நாட்டு மக்கள் தம் தாய்மொழியிலே இறைவனை வேண்டுகின்றனர். முன்னர் எழுந்த கேள்விக்கு அதிலே விடை கண்டேன். ஆண்டவர் இழைத்த கொடுமையை மறத்தலாகாது. ஆனால், அவர் விட்டுச்சென்ற சுவர்களுக்குள் எம்மொழி ஒலிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்போர் இன்று வாழும் மக்களே.

கொழும்புக்கு வரும்போது ஒருமுறை அம்மேட்டின்மீது ஏறிப் பாருங்கள், நேயர்களே.