ஒரு படம், நான்கு இடைவேளை

1905இல் திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அப்போது படம் பேசாது.

பல ஆண்டுகள் கழித்து நாங்கள் குடும்பத்தோடு போன டூரிங் டாக்கீஸில், அதே மாதிரிக் கூடாரக் கொட்டகையில், படம் பேசியது. ஆனால் புரொஜக்டர் ஒன்றுதான். ரீல் தீர்ந்தால், அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அதனால் ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை. முறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம். பாட்டிக்கும்தான்! யார் நல்லவன், யார் கெட்டவன் என்று அதற்குள் கேட்டுக்கொள்வார்.

எங்களுக்கு எப்போதும் தரை டிக்கெட். உட்கார்ந்ததும் முதல் வேலை, மணலைக் குவித்து மேடாக்குவது. மறைக்குதென்று பின்னாலிருப்பவர் சத்தம் போடுவார், அப்பா கலைத்துவிடுவார். அடுத்த ரீலுக்குள் மேடு மறுபடி வளர்ந்திருக்கும்.